கோட்டுக்கு வெளியே சில புள்ளிகள்

நாற்காலியைத் தப்பாகத் தேர்ந்துவிட்டோம் என்பது, முன்னால் உட்கார்ந்திருந்தவர் இன்னொரு கரண்டி சாம்பாருக்குக் கை காட்டியபோதே உலகம்மைக்குத் தெரிந்துபோயிற்று. கல்யாணப் பந்தியில் ஒருவருடைய நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபிறகு மாறுவது லேசான காரியமில்லை. பக்கத்து நாற்காலிகளுக்குப் பின்னாலும் ஆள் நிற்கிறார்கள். பேசாமலே அவர்களுக்கு ஒரு பாத்தியதை உண்டாகிவிட்டிருக்கிறது. வலப்பக்கத்து இலையில் ஒரு பெண் ரசத்துக்கு வந்துவிட்டாள். இடப்பக்கத்தில் மோர். இவர் மட்டும், கழுத்தில் பவுடரும் அதன்மேல் வேர்வையுமாக, சோற்றை அணைபோல் கட்டி, நடுவில் குழி பறித்து, குழிக்குள் அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, இந்த மண்டபமே தன் பேருக்கு எழுதப்பட்டதுபோல நிதானமாக இருந்தார். பசி என்று பார்த்தால் அவளுக்கு இல்லை. அண்ணன் மகள் கல்யாணம்தான், ஆனாலும் மேலே மணமேடைக் கூடத்தில் இருக்கமுடியவில்லை, அதனால்தான் இறங்கி வந்தாள். மேலே இருந்தால் யாராவது கையைப் பிடிப்பார்கள், முகத்தை உற்றுப் பார்ப்பார்கள், உன் மாப்பிள்ளை வரவில்லையா என்பார்கள். சாப்பிடுகிற இடத்தில் அப்படிக் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தாள். சாப்பிடக் காத்து நிற்கிற இடத்தில் கேட்பார்கள் என்பது மூளைக்கு எட்டவில்லை. தென்காசிச் சாரல் ஜன்னல் கம்பிகளில் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரத்தோடு அவியல் வாசமும் பன்னீர் வாசமும் கலந்து, பட்டுப்புடவை முதுகில் ஒட்டியது. கைப்பைக்குள் போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. தேஷ்பாண்டேயாகத்தான் இருக்கும்.

பார்க்க வேண்டாம். பார்த்தாலும் அதேதான். காலையில் தாலி கட்டுகிற நேரத்தில், கெட்டிமேளம் கெட்டிமேளம் என்று யாரோ விரலை ஆட்டிக் கத்த, எல்லோரும் அட்சதையை எறிய, ஒரு கையில் அரிசியும் இன்னொரு கையில் போனுமாக அவருடைய மின்னஞ்சலைப் படித்துத் தொலைத்தாள். எறிய வேண்டிய அட்சதை உள்ளங்கையிலேயே மஞ்சளாக ஒட்டிக்கொண்டது. "உலகா, கட்டுரையை இன்று சாயங்காலம் அனுப்புகிறோம். அந்த மங்கலான குவாசர்களை எடுத்துவிட்ட வடிவம்தான் போகிறது. உன் சம்மதம் வேண்டும். சம்மதமில்லை என்றால் உன் பெயரை எடுத்துவிடச் சொல்லி ஒரு வரி எழுது. எனக்குக் கோபமில்லை." கடைசி வார்த்தைதான் குத்தியது. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். புனே ஆராய்ச்சி நிலையத்தில் அவருடைய குழுவில் அவள் சேர்ந்த புதிதில் டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தவர் அவர். அவளுடைய பெயரை முழுசாகச் சொல்ல வராமல் உலகா என்று சுருக்கி, மராட்டியில் அதற்கு ஏதாவது பொருள் உண்டா என்று தேடிப் பார்த்தவர். இன்னும் கொஞ்ச நாளில் ஓய்வு பெறப்போகிறார். போவதற்கு முன்னால் ஒரு பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும் அவருக்கு. சொல்லட்டும். அதற்கு அவளுடைய குவாசர்களா கிடைத்தன?

பார்க்கப்போனால் விஷயம் சின்னது. தூரத்தில் ஒரு விளக்கு மங்கலாகத் தெரிகிறது. சின்ன விளக்கு பக்கத்தில் இருக்கலாம், பெரிய விளக்கு வெகு தொலைவில் இருக்கலாம். அதன் சொந்த வெளிச்சம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் தூரம் தன்னால் வந்துவிடும். வெடிக்கிற நட்சத்திரங்களை வைத்து ஓரளவு தூரம் போகலாம், அதற்கு மேல் அவை கண்ணுக்கு எட்டாது. எட்டுவது குவாசர்தான். ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவே பெரிய கருந்துளை. அதில் விழப்போகிற வாயு விழுவதற்கு முன்னால் சுற்றிச் சுற்றிச் சூடேறி, அந்த மண்டலத்து நட்சத்திரங்கள் அத்தனையும் சேர்ந்து தருவதைவிட அதிகமாக எரிகிற எரிச்சல். அந்த எரிச்சலில் ஊதாவுக்கு அப்பாற்பட்ட ஒளி ஒன்று வரும், எக்ஸ்ரே ஒன்று வரும். குவாசர் பெரிதாகப் பெரிதாக, முதல் ஒளிக்குப் பக்கத்தில் எக்ஸ்ரேயின் பங்கு குறைந்துகொண்டே போகும். இரண்டையும் ஒப்பிட்டால் சொந்த வெளிச்சம் தெரியும், அதிலிருந்து தூரம், தூரத்திலிருந்து இந்தப் பிரபஞ்சம் எப்படி விரிந்துகொண்டு வந்தது என்பது. இவ்வளவுதான். ஆயிரக்கணக்கான குவாசர்களைப் புள்ளி புள்ளியாக வைத்துப் பார்த்தால் ஒரு கோடு வரவேண்டும். வந்தது, ஏறக்குறைய. அந்த ஏறக்குறையவில்தான் ஏழு வருஷம் போயிற்று. முதலில் தூசி மறைக்கிற குவாசர்களை எடுத்தார்கள். சரி. தூசி மறைத்தால் வெளிச்சம் பொய்யாகத் தெரியும், எடுக்கத்தான் வேண்டும். அப்புறம் ஒரு பக்கமாகத் தீப்பிழம்பைப் பீய்ச்சுகிறவற்றை எடுத்தார்கள். அதுவும் சரி, அவற்றில் எக்ஸ்ரே கூடுதலாக வரும். ஒவ்வொன்றை எடுக்கும்போதும் கோடு கொஞ்சம் அழகாயிற்று. கோடு அழகாக அழகாக எல்லோருடைய முகமும் மலர்ந்தது. அவளுடைய முகமும்தான், இல்லையென்று சொல்லமுடியாது. இப்போது மிச்சமிருப்பவை கொஞ்சம். தூசியுமில்லை, பிழம்புமில்லை. சும்மா எக்ஸ்ரே குறைவாக இருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை. அவற்றை எடுத்துவிட்டால் கோடு கடைசியில், வெகு தூரத்தில், வளைகிறது. இதுவரை எல்லோரும் நம்பிய கணக்குப்படி பிரபஞ்சம் விரியவில்லை என்று ஆகிவிடும், உலகம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அவற்றை விட்டுவைத்தால் அந்த வளைவு கரைந்து ஒன்றுமில்லாமல் போகிறது. "தூசி இருக்கும்" என்றார் தேஷ்பாண்டே. "தூசி இருந்தா செவந்து தெரியணும் சார். செவக்கலையே." "அப்படியென்றால் வேறு ஏதாவது இருக்கும்." வேறு ஏதாவது! எதையாவது சொல்லி எடுக்கவேண்டும் என்று முடிவு செய்தபிறகு, எதை வேண்டுமானாலும் சொல்லலாம்தான்.

"உலகுதான? எப்பம் வந்த?" தோளைத் தொட்டது கைலாசம் சித்தப்பா. அப்பாவின் கடைசித் தம்பி, மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வெற்றிலைச் சிவப்பு உதடு. "நேத்து வந்தேன் சித்தப்பா." "ஒத்தையிலயா? மாப்ள எங்க?" வாய் தானாகத் திறந்து சொன்னது: "ஜெர்மனியில இருக்காரு சித்தப்பா, லீவு கிடைக்கல." "அங்கயும் இப்பம் குளிரா?" "இல்ல, இப்பம் வெயில்தான்." "ஆமாமா, நம்ம ஆனி மாசம்லா. போன்ல பேசுவாருல்ல?" "தெனமும் பேசுவாரு." தினமும் என்று ஏன் சொன்னாள்? பேசுவார் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். பொய்க்கு ஒரு குணம் இருக்கிறது, கேட்டதற்கு மேல் ஒரு கைப்பிடி அதிகம் கொடுத்தால்தான் அதற்கு நிம்மதி. சித்தப்பா தலையாட்டிக்கொண்டு நகர்ந்தார். போகும்போது அவள் தலையில் கையை ஒரு நொடி வைத்துவிட்டுப் போனார், சின்னப் பிள்ளைக்கு வைப்பதுபோல. அது எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. புரியாததும் எரிச்சலாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளையை ஜெர்மனிக்கு அனுப்பியது அம்மா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊரில் யாரோ கேட்க, சட்டென்று வாயில் வந்த தேசம் அது. அன்றையிலிருந்து சிவசு ஜெர்மனியில் இருக்கிறான். அம்மா அங்கே அவனுக்கு ஒரு கம்பெனி கொடுத்திருக்கிறாள், பனிக்காலத்தில் முதுகுவலி கொடுத்திருக்கிறாள், சமையலுக்கு ஒரு கேரளத்துக்காரப் பையனையும் கூட இருத்தியிருக்கிறாள். நிஜத்தில் சிவசு புனேயிலேயே, ஆற்றுக்கு அந்தப் பக்கம், அவள் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்தால் போய்விடுகிற தூரத்தில் இருக்கிறான். எப்போதாவது காய்கறிக் கடையில் எதிரே வருவான். ஒருமுறை முருங்கைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு, "இங்க இது கிடைக்குதுன்னு எனக்கு இத்தன நாளாத் தெரியாது" என்றான். கோர்ட்டு வேலையெல்லாம் முடிந்து, கையெழுத்தெல்லாம் போட்டு, சண்டை ஒன்றும் மிச்சமில்லாமல் முருங்கைக்காயைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு ஆகிவிட்டது. இன்று காலையில் குளித்து வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தபோது அம்மா கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். "இன்னிக்கு ஒருநாளைக்கு மட்டும்டி. கேட்டா ஜெர்மனின்னு சொல்லிரு. கல்யாண வீட்டுல அழுமூஞ்சியா வேண்டாம். எனக்காவ." அழுமூஞ்சி யாருக்கு? அவள் அழவில்லையே. அழுகிற காலமெல்லாம் போயே போய்விட்டது. "எம்மா, எத்தன நாளைக்கு இத இப்படியே கொண்டுபோவ?" என்றாள். அம்மா அவளுடைய புடவை மடிப்பைச் சரிசெய்தாள், ஊக்கை வாயில் வைத்துக்கொண்டு. ஊக்கு வாயில் இருக்கும்போது அம்மாவிடம் எதுவும் கேட்கமுடியாது. அது தெரிந்துதான் வைத்துக்கொள்கிறாளோ என்னவோ.

முன்னால் இருந்தவர் ரசத்துக்கு வந்தார். அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. வந்த மூச்சு போவதற்குள் அவர் ரசம் வேண்டாம் என்று கையை ஆட்டி, வத்தக்குழம்பு உண்டா என்று கேட்டார். உண்டு. அதற்கு ஆள் அனுப்பினார்கள். உலகம்மை நாற்காலி முதுகை இறுக்கிப் பிடித்தாள். கான்ட்ராக்ட் முடியட்டும். எல்லாவற்றுக்கும் அவள் சிவசுவிடம் சொன்னது இந்த ஒரே பதில்தான். வீடு வாங்கலாமா, கான்ட்ராக்ட் முடியட்டும். குழந்தை, கான்ட்ராக்ட் முடியட்டும். முடிந்தது, புதுப்பித்தார்கள், மறுபடியும் முடிந்தது, மறுபடியும் புதுப்பித்தார்கள். நிரந்தரமாகட்டும், நிரந்தரமானதும் என்றாள். கத்துகிற ஆள் இல்லை அவன். ஒருநாள் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே, "நீ சொல்லுற அந்த நாளு எனக்குத் தெரியவே மாட்டேங்குது உலகு. இருக்கும், இல்லைன்னு சொல்லல. எனக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்றான். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவன் தட்டைத் துடைத்து அடுக்கில் வைத்தது வரைக்கும் அவளுக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கு அவள் ஒரு பதில் சொல்லியிருக்கலாம். கணினியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, அது முடிந்ததா என்று பார்க்கப் போனாள். இப்போது இந்தக் கட்டுரை போனால், அவள் பெயரோடு போனால், நிரந்தரம் நிச்சயம். நிலையத்தில் எல்லோரும் வாய்விட்டே சொல்லிவிட்டார்கள். எதற்காக அவனைக் காக்க வைத்தாளோ அது கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்து நிற்கிறது, அவன் போனபிறகு. அதையும் வேண்டாம் என்றால் இத்தனை வருஷம் யாருக்காக? ஒரு வரி. சரி சார் என்று ஒரு வரி. அந்தக் கொஞ்சம் குவாசர்கள் அவளிடம் வந்து என்னை ஏன் எடுத்தாய் என்று கேட்கப்போகின்றனவா? அவற்றின் ஒளி கிளம்பியபோது இந்த மண்ணே உருவாகியிருக்கவில்லை. பூமியில்லை, தென்காசியில்லை, வத்தக்குழம்பில்லை. அவ்வளவு தூரம் வந்து சேர்ந்து, ஒரு தாளில் புள்ளியாகி, கோட்டுக்குக் கொஞ்சம் கீழே உட்கார்ந்ததுதான் அவை செய்த குற்றம். ஏன் கீழே உட்கார்ந்தாய்? சொல்லித் தொலையேன். ஒவ்வொன்றாக எடுத்து எத்தனை தரம் பார்த்திருப்பாள். கருவியில் கோளாறா, இல்லை. கணக்கில் பிழையா, இல்லை. அவை அப்படித்தான் இருக்கின்றன. அப்படித்தான் இருக்கிறேன் என்று சொல்கிற ஒன்றை என்ன செய்வது?

அந்த மனிதர் ஒருவழியாக இலையை மடித்தார். எழுந்தார். நாற்காலி காலியானது. உலகம்மை கைப்பையைத் தோளில் ஏற்றி ஒரு அடி எடுத்து வைப்பதற்குள், எங்கிருந்தோ வந்த ஓர் அம்மாள் கைக்குழந்தையோடு ஒரு வயதான மனிதரைத் தள்ளிக்கொண்டு வந்து அந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டாள். "சுகர் மாத்திரை போட்டாச்சும்மா அவாளுக்கு, தப்பா நினைச்சுக்கிடாதீய" என்றாள். பரவாயில்லை என்றாள். வேறு என்ன சொல்லுவாள்? சர்க்கரை நோயாளியோடு சண்டை போடமுடியுமா? நாற்பத்துச் சொச்சம் வயதில், ஒரு பட்டம் பெற்று, இன்னொரு பட்டம் பெற்று, பிரபஞ்சத்தின் விளிம்புவரை தூரம் சொல்லத் தெரிந்து, ஒரு நாற்காலி பிடிக்கத் தெரியவில்லை. கண்ணில் சுரீரென்று ஏதோ வந்தது. சாம்பார்ப் புகை என்று சொல்லிக்கொள்ளலாம். வேறு ஏதாவது என்று சொல்லிக்கொள்ளலாம்.

"ஏட்டி உலகு! அங்ஙன என்ன மரம் மாதிரி நிக்க? இங்ஙன வா." கடைசி வரிசையிலிருந்து பிரமு அத்தை கையை ஆட்டினாள். அப்பாவின் தங்கை, சாம்பவர்வடகரையில் இருப்பவள், கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். பக்கத்து நாற்காலியில் தன் கைப்பையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள். உலகம்மை போய் உட்கார்ந்தாள். மேசையில் பழைய காகிதத்தை உருட்டி எடுத்துவிட்டுப் புதுக் காகிதம் விரித்தார்கள், இலை போட்டார்கள், இலையில் தண்ணீர் தெளித்தாள். உட்கார்ந்ததில் கால் வலி தெரிந்தது. இவ்வளவு நேரம் வலித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. உப்பு, ஊறுகாய், இஞ்சிப் பச்சடி, அவியல் என்று வரிசையாக வந்துவிழ, பையன்கள் வேகவேகமாகக் கடந்து போனார்கள். அத்தை அப்பளத்தை எடுத்துத் தன் இலையிலிருந்து அவள் இலைக்கு மாற்றினாள். "எனக்குப் பல்லு ஆகாது. நீ தின்னு." பருப்பைப் பிசைந்து இரண்டு கவளம் உள்ளே போனது. மூன்றாவதற்குக் கையை எடுத்தபோது அத்தை கேட்டாள். "மாப்ள நல்லா இருக்காரா?"

கவளம் கையிலேயே நின்றது. பருப்பும் நெய்யும் விரல் இடுக்கில் வழிந்தது. ஜெர்மனியில் என்று தொண்டைவரைக்கும் வந்தது. லீவு, வெயில், தினமும் போன், கேரளத்துப் பையன், முதுகுவலி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நாக்கில் ஏறி வரிசையில் நின்றன. இதைச் சொன்னால் இன்னொன்று கேட்பாள், அதற்கும் ஒன்று சொல்லவேண்டும், சொன்னது முன்னால் யாரிடமோ சொன்னதோடு பொருந்த வேண்டும். போதும் என்று இருந்தது. அலுப்புதான், வீரம் எல்லாம் ஒன்றுமில்லை. காலையிலிருந்து எடுத்து எடுத்து அழகாக்கிய கோட்டை இன்னும் ஒருதரம் இழுக்கக் கைவரவில்லை. "அத்தை, அவரு ஜெர்மனியில இல்ல. நாங்க பிரிஞ்சுட்டோம். ரெண்டு வருஷமாச்சு" என்றாள், குரலைத் தாழ்த்தி, இலையைப் பார்த்துக்கொண்டு.

பிரமு அத்தை மென்றுகொண்டிருந்ததை நிறுத்தவில்லை. மென்று விழுங்கித் தண்ணீர் குடித்தாள். "தெரியும்ட்டி" என்றாள்.

"தெரியுமா?"

"எங்க வீட்டுச் செல்லையா புனேயிலதான டிரெயினிங்குக்குப் போனான் போன வருசம். மார்க்கெட்டுல பாத்துருக்கான். மாப்ளையே கூப்புட்டு டீ வாங்கிக் குடுத்து எல்லாஞ் சொல்லியிருக்காரு. நல்ல மனுசன்னுதான் அவனும் சொன்னான்."

"சித்தப்பாவுக்கு?"

"கைலாசத்துக்கும் தெரியும். இந்தப் பந்தியில முக்காவாசிப் பேருக்குத் தெரியும்."

"பின்ன ஏன் எல்லாரும் கேக்கீய? காலையில இருந்து ஒவ்வொருத்தரா வந்து, மாப்ள எங்க மாப்ள எங்கன்னு…" குரல் உயர்ந்துவிட்டது. எதிர்வரிசையில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

அத்தை இடதுகையால் அவள் முழங்கையை அமுக்கினாள். "கேக்கலைன்னு வையி, மதினிக்குத் தெரிஞ்சுபோவும் எங்களுக்குத் தெரியும்னு. ஒங்கம்மை நிமுந்து நடக்கணும்லா. அவளுக்காவதான் கேக்கோம். ஒனக்கு அது கஷ்டமா இருக்கும்னு எங்களுக்குத் தோணலட்டி. அது எங்க தப்புதான்." அப்புறம் பரிமாறுகிற பையனை அதட்டினாள். "ஏய், சாம்பார இங்க ஊத்தாம எங்க ஓடுத?"

சாம்பார் வந்தது. உலகம்மை சாப்பிட்டாள். சாப்பிட்டாள் என்றால் கை போய் வந்தது. சித்தப்பா தலையில் கை வைத்தது, கண்ணாடி வளையல் வாங்கிக் கொடுத்த அக்கா ஒருத்தி காலையில் கன்னத்தைத் தடவியது, எல்லாம் இப்போதுதான் வந்து சேர்ந்தது. யாரும் ஏமாறவில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு பாத்திரத்தை ஒவ்வொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல், அம்மாவைச் சுற்றி நடந்துகொண்டிருந்திருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது. இந்த இரண்டு வருஷமும் ஊருக்கு வராமல் இருந்தாளே, விசேஷம் ஒவ்வொன்றுக்கும் வேலை இருக்கிறது என்று சொல்லித் தட்டிக் கழித்தாளே, யாரிடமிருந்து ஒளிந்தாள்? ஒளியவேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை. சரி, அப்படியென்றால் சார் சொல்வதும் இதுதானா? எல்லோருக்கும் தெரியும், எல்லா ஆராய்ச்சியிலும் கொஞ்சம் எடுப்பார்கள், எடுத்தது எல்லோருக்கும் தெரியும், தெரியாததுபோல இருப்பார்கள். பெரிய மனது. அப்படித்தானா? ஒரு கவளம் விழுங்குகிற நேரம் அதில் நிம்மதியாகக்கூட இருந்தது. சரி சார் என்று எழுதிவிடலாம். நிரந்தரம். வீடு. குழந்தைக்குக் காலம் கடந்துவிட்டது, இருக்கட்டும், வீடு. ஆனால் ரசத்தைக் கையில் ஏந்தும்போது அந்த நிம்மதி ஒழுகிப்போனது. இங்கே பந்திக்கே தெரியும். அங்கே யாருக்குத் தெரியும்? தேஷ்பாண்டேயையும் அவளையும் தவிர, தூசியில்லை, பிழம்புமில்லை, அப்படியும் மங்கல் என்று அந்தக் கொஞ்சத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தவர்கள் பூமியில் வேறு யாருமில்லை. அவர் மறந்துவிடுவார், மறக்க விரும்புகிறார். அவள் சரி என்று சொன்னால் அவை இல்லாமலே போய்விடும். வேறு எவனோ எங்கேயோ அந்த வளைவை நம்பி, அதன்மேல் கணக்குப் போட்டு, அவனும் ஏழு வருஷம் உட்கார்ந்து, வீட்டில் ஒருத்தியிடம் முடியட்டும் முடியட்டும் என்று சொல்லிக்கொண்டு… அவனிடம் யார் போய்த் தெரியும்டா என்று சொல்வது?

இடதுகையால் கைப்பையின் ஜிப்பை இழுத்தாள். போனை மேசைக்கு அடியில் மடியில் வைத்துக்கொண்டாள். வலதுகை ரசத்தில் இருந்தது. இடதுகைக் கட்டைவிரல் எழுத்துகளைத் தேடித் தேடி அமுக்கியது, பாதி தப்பாக விழுந்தது, திருத்தினாள். "சார், அவற்றை எடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. அவற்றோடு சேர்த்துப் போட்டால் என் பெயர் இருக்கட்டும். இல்லாவிட்டால் என் பெயரை எடுத்துவிடுங்கள். அவற்றைப் பற்றி மட்டும் நான் தனியாக ஒரு சிறு கட்டுரை எழுதிப் போடுவேன். அதை உங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது." கடைசி வரியை அழிக்கலாமா என்று யோசித்தாள். இருக்கட்டும். இருப்பதுதானே. அனுப்பினாள்.

"யாருக்கு? ஆபீசுக்கா?" என்றாள் அத்தை.

"ஆமா அத்தை. வேலை போனாலும் போவும்."

"சாப்பாட்டு எலையில இருந்துக்கிட்டா வேலைய விடுவ? மோர் ஊத்திக்க."

மோர் ஊற்றிக்கொண்டாள். பதில் அதற்குள்ளேயே வந்துவிட்டது, மடியில் போன் துடித்தது. குனிந்து பார்த்தாள். "உன் பெயரை எடுத்துவிடுகிறோம். வருத்தம்தான். உன் கட்டுரை வரும்போது எனக்கு ஒரு பிரதி அனுப்பு." அவ்வளவுதான். ஏழு வருஷம் சாப்பாட்டு மேசைக்கு அடியில் முடிந்துபோயிற்று. பெரிதாக ஒன்றும் இடிந்து விழவில்லை. மாடிப்படி முடிந்துவிட்டது தெரியாமல் இன்னொரு படிக்குக் காலை வைத்தது மாதிரி இருந்தது. இனி என்ன? கான்ட்ராக்ட் மார்கழியில் முடிகிறது. முடியட்டும். முடியட்டும் என்று தனக்குள் சொன்னபோது அந்த வார்த்தைக்குப் பின்னால் யாரும் காத்து நிற்கவில்லை. அது நிம்மதியா, வெறுமையா, பிரித்துப் பார்க்க வரவில்லை. எரிச்சல் மட்டும் தெளிவாக இருந்தது: சார்மேல், தன்மேல், மங்கலாக இருந்து கழுத்தறுத்த அந்தக் குவாசர்கள்மேல். ஏன் அப்படி இருக்கின்றன என்று இன்னும் தெரியாது. நாளைக்கு ரயிலில் ஏறியதும் முதலாவதை எடுத்து மறுபடியும் பார்க்கவேண்டும். யாரும் கேட்காத கட்டுரையை எழுதியாக வேண்டும்.

அம்மா வரிசைகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தாள். பெண்வீட்டுக்காரி என்ற மிதப்பில், தாழம்பூ நிறப் பட்டில், ஒவ்வொரு இலையாகக் குனிந்து, சாப்பிடுங்க சாப்பிடுங்க என்று சொல்லிக்கொண்டு வந்தாள். தலை நிமிர்ந்துதான் இருந்தது. சித்தப்பா ஏதோ சொல்ல, சிரித்தாள். அவர்கள் இருந்த இடத்துக்கு வந்ததும் அம்மாவின் கண் முதலில் அத்தையின் முகத்தைத் தொட்டு, அப்புறம் மகளின் முகத்துக்கு வந்தது. என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள் என்ற கேள்வி அந்தக் கண்ணில் நடுங்கியது. அவ்வளவு பயத்தை உலகம்மை அந்த முகத்தில் இதற்கு முன்னால் பார்த்ததில்லை; இருந்திருக்கும், அவள்தான் பார்க்கவில்லை.

"மதினி," என்றாள் பிரமு அத்தை, பந்தி முழுக்கக் கேட்கும்படி. "மாப்ளையப் பத்திதான் கேட்டுக்கிட்டிருக்கேன். நல்லா இருக்காராம்லா."

அம்மா மகளைப் பார்த்தாள். மோர்ச்சோறு விரலில் காய்ந்துகொண்டிருந்தது. "ஆமாம்மா," என்றாள் உலகம்மை. "நல்லா இருக்காரு. இப்பம் முதுகுவலிகூட இல்லையாம்."

அம்மாவின் தோள் ஒரு விரற்கடை தாழ்ந்தது, பாரம் இறக்கியதுபோல. குனிந்து மகளின் இலையைப் பார்த்தாள். "பாயசமே வாங்கலியே நீ" என்று சொல்லிவிட்டு, பாயச வாளிக்காரனைத் தேடிக்கொண்டு வேகமாக நடந்தாள்.